நாயாற்றில் வாய் பார்த்தல்

முல்லைத்தீவு – கொக்கிளாய் வீதியால் ஒருமுறையேனும் போனவர் நாயாற்றைப் பார்த்திருப்பார். இறங்கியிருக்க மாட்டார். பஸ் பாலத்தில் ஏறும்; இடப்பக்கம் மணலும் கடலும், வலப்பக்கம் கண்ணெட்டும் தூரத்துக்குத் தண்ணீர், தண்ணீரின் ஓரத்தில் கரும்பச்சையாய் ஒரு கோடு. கச்சான் சரையைப் பிரித்து நாலு கச்சானை வாயில் போடுவதற்குள் பாலம் முடிந்துவிடும். அந்தக் கரும்பச்சைக் கோட்டுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே வாசல் கிடையாது. சீட்டுக் கிழிக்கும் ஜன்னல், அம்புக்குறி, குந்தியிருக்க வாங்கு எதுவும் கிடையாது. கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் பலகை நடைபாதையில் சப்பாத்து நனையாமல் நடந்தவர்களும், சென்னையில் அடையாற்றுக் கழியோரம் 58 ஏக்கரில் 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவைப் பார்த்தவர்களும், பிச்சாவரத்தில் படகுக்கு வரிசையில் நின்றவர்களும் அதே நினைப்போடு இங்கே வந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பிப் போவார்கள். நகரத்துக்குள் இருந்திருந்தால் நாயாற்றுக்கும் வேலியும் மூடும் நேரமும் வந்திருக்கும். கரைதுறைப்பற்றின் தெற்கு மூலையில் இருப்பதால் அது தன்பாட்டில் கிடக்கிறது. எப்படிப் பார்ப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லாததால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டிய முதற் கேள்வி

நந்திக்கடல் கடல் இல்லை, நாயாறும் ஆறு இல்லை. இரண்டும் களப்புகள், பாடப்புத்தகத்தில் கடனீரேரி என்றிருக்கும். நாயாற்றுக் களப்பின் பரப்பு 17 சதுர கிலோமீற்றரை ஒட்டியது. மேற்கே காட்டுக்குள்ளிருந்து வரும் சிற்றாறுகள் இதில் விழுகின்றன. கிழக்கே ஒடுங்கிய ஒரு வாயால் இது கடலைத் தொடுகிறது. அப்படித் தொடும் இடத்தைத் தொடுவாய் என்பார்கள். தெற்கே அடுத்திருக்கும் கொக்குத்தொடுவாயின் பெயரிலேயே அது இருக்கிறது. இந்த வாய்தான் நாயாற்றின் கடிகாரம்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் தடவை போனபோது பாலத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயாவிடம், “ஐயா, தண்ணி எவ்வளவு நிக்குது, இறங்கலாமோ?” என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: “தம்பி, தண்ணியைக் கேக்காதேங்கோ. வாய் திறந்திருக்கோ எண்டு கேளுங்கோ. மிச்சத்தை வாய் சொல்லும்.” நான் தலையாட்டிவிட்டு, கேளாதவன் மாதிரி இறங்கினேன். எட்டாவது அடியில் சேறு முழங்கால் வரை வந்தது. ஒரு செருப்பு இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. ஐயா சிரிக்கவில்லை. மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இலங்கைக் கரையில் கடல் ஏறி வற்றும் அளவு ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே நாயாற்றில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் மழை, காற்று, வாய் மூன்றினதும் வேலை. கோடையில் ஆறுகள் வற்றும்போது அலை மணலைக் கொண்டுவந்து வாயில் அடுக்கும். வாய் ஒடுங்கும், அடைபட்டும் போகும். உள்ளே நிற்கும் தண்ணீர் வெயிலில் குறையக் குறைய உப்பு ஏறும், ஓரமெல்லாம் சேறு வெளித் தள்ளும். மாரி மழையில் ஆறுகள் பெருகி வரும்போது களப்பு நிரம்பி வயல்கரையை முட்டும். கடைசியில் மணல்திட்டு உடையும். உடைந்ததும் சிலநாள் தண்ணீர் அம்பாகக் கடலுக்கு ஓடும், பிறகு கடல் உள்ளே வரும், கடலோடு மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வரும். மீனவருக்கு வாய் திறப்பது வருமானம். வாய் அடைபட்டு வயலில் தண்ணீர் நிற்பது கமக்காரனுக்கு நட்டம். களப்போர ஊர்களில் எப்போது வாயை வெட்டிவிடுவது என்ற வாக்குவாதம் பழையது. உங்கள் முன்னால் அது நடந்தால் பக்கம் சாயாமல் கேட்டுக்கொண்டிருங்கள், பத்துப் புத்தகத்தில் இல்லாத விசயம் வரும்.

நமக்குக் கணக்கு இது. வாய் அகலமாகத் திறந்திருந்தால் பாலத்தடியில் இழுவை இருக்கும். அந்த நாட்களில் கால்கூட நனைக்க வேண்டாம், மேலே நின்று பாருங்கள். வாய் ஒடுங்கித் தண்ணீர் இறங்கியிருந்தால் ஓரத்துச் சேற்றில் பறவைகள் நிறைந்திருக்கும். அடைபட்டிருந்தால் மணல்திட்டில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே, ஒரு காது இரையும் ஒரு காது அமைதியுமாக நடக்கலாம். ஆனால் ஊரவர் ஒருவர் “நேற்று நான் நடந்தனான்” என்று சொன்ன பிறகுதான்.

எப்போது போவது

தைப்பொங்கல் முடிந்த கிழமையிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை. வேறு மாதம் கேட்பவர்களுக்கும் கீழே பதில் உண்டு, ஆனால் என்னைக் கேட்டால் இதுதான். மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் கொடுமையாகியிராது, மத்திய ஆசியப் பறவைப் பாதையால் வந்த விருந்தாளிகள் திரும்பிப் போயிரா. அந்தப் பாதையின் தென்கோடியில் இருக்கும் பெருநிலம் இலங்கை. அதற்குத் தெற்கே இந்துமாகடல்தான். இந்தக் கரையின் மதிப்பு முன்பே தெரிந்ததுதான்: தெற்கே கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே பறவைகள் சரணாலயமானது. நாயாற்றை வனஜீவராசிகள் திணைக்களம் இயற்கை ஒதுக்கமாக அறிவித்தது மிகப் பிந்தி, யுத்தம் முடிந்த பிறகு.

ஐப்பசிக் கடைசியிலிருந்து மார்கழி முடியும்வரை போகாதீர்கள். கார்த்திகை மழையில் இந்த வீதியும் பாலத்தின் இரு தலைப்பும் வெள்ளம் முதலில் கைவைக்கும் இடங்கள். தை பிறந்த பிறகும், புறப்படுமுன் வீதி திறந்திருக்கிறதா என்று முல்லைத்தீவிலோ அளம்பிலிலோ ஒரு கடையில் கேட்டுவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

சித்திரையிலிருந்து ஆவணி வரை சோளகக் காலம். கரையோரம் கடல் அடங்கிக் கிடக்கும், கரைவலை இழுப்பார்கள், மணலில் வாடிகள் முளைக்கும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதங்கள் இவை. சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து தொழிலாளர் இங்கே வந்து தங்குவது அதனால்தான். உள்ளூர் மீனவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் கடற்கரை யாருடையது என்ற கேள்வி நெடுங்காலமாக நிற்கிறது. 2018 ஆவணியில் நாயாற்றில் உள்ளூரவர்களின் வாடிகளும் படகுகளும் எரிக்கப்பட்டன. வாடிப் பக்கம் போனால் வணக்கம் சொல்லுங்கள், வலையைத் தாண்டாதீர்கள், இருந்து கதைக்கச் சொன்னால் இருங்கள். நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

புரட்டாதி ஒரு மாதிரியான மாதம். களப்பு மிகக் குறைந்திருக்கும், சேறு பாளம் பாளமாக வெடித்திருக்கும், உப்பு வெள்ளையாய்ப் பூத்திருக்கும். படம் எடுப்பவர்களுக்குப் பிடிக்கும். எனக்குத் தலையிடி.

போகும் வழி

கொழும்பு, கண்டி, வவுனியாப் பக்கமிருந்து வருபவர்கள் ஏ9 வீதியில் மாங்குளத்தில் திரும்பி, ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று வழியாக முல்லைத்தீவை அடையலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக்காரர் பரந்தனில் திரும்பி, புதுக்குடியிருப்பு வழியாக வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி வருவார்கள். அந்தப் பழைய பாலம் ஒடுக்கமானது. எதிரே வருபவர் ஏறிவிட்டால் நீங்கள் நிற்க வேண்டும், ஹோர்ன் அடித்துப் பயனில்லை. முல்லைத்தீவிலிருந்து சிலாவத்தை, உப்புமாவெளி, அளம்பில், செம்மலை என்று தெற்கே வந்தால் நாயாறு. ஏறத்தாழ 20 கிலோமீற்றர்.

திருகோணமலைக்காரருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் புல்மோட்டையும் கொக்கிளாயும் கையெட்டும் தூரத்தில் தெரியும். நடுவில் கொக்கிளாய் முகத்துவாரம் இருக்கிறது. பாலம் வந்துவிட்டதா, படகு ஓடுகிறதா என்று விசாரிக்காமல் அந்தக் கரையில் வாகனத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் தண்ணீருக்கு அப்பால் கொக்கிளாயைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

பஸ்ஸில் வந்தால் இறங்கும்போதே திரும்பிவரும் பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேளுங்கள். அவர் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர் பாலத்தடிக்கு வந்துவிடுங்கள். மோட்டார் சைக்கிள்தான் சௌகரியம், ஆனால் தார்வீதியை விட்டு மணலில் இறக்காதீர்கள். தொலைபேசியின் வரைபடம் களப்பைச் சுற்றி மெல்லிய கோடாக ஒரு பாதை காட்டும். அந்தக் கோட்டை நம்பிப் போய், பின்சில்லு அச்சு வரை புதைந்து, விறகு ஏற்றிவந்த உழவு இயந்திரக்காரர் கயிறு கட்டி இழுத்த கதை எனக்கும் உண்டு. கூலி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், நல்ல மனிதர். “இது மாடு போற பாதை அண்ணை” என்று மட்டும் சொன்னார்.

வைகாசி விசாகப் பொங்கலன்று இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்று மாவட்டத்து பஸ்ஸெல்லாம் வற்றாப்பளைக்குத்தான். கண்ணகி அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரியும் நாள். நாயாற்றை அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டு அங்கேயே போய்விடுவது புத்தி.

கால் வைக்குமுன்

சுற்றுலா வழிகாட்டிகள் இந்தப் பகுதியைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடும். நான் நடுவில் போடுகிறேன்.

1984 இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணிச் சனங்கள் வீட்டை விட்டு எழும்பினார்கள். பலர் திரும்பி வந்தது 2009க்குப் பிறகு. இடையில் கால் நூற்றாண்டு இந்தக் காடு யுத்தக் களமாகவும் ஆளற்ற வெளியாகவும் கிடந்தது. முல்லைத்தீவை நோக்கி இராணுவம் முன்னேறியதும் இந்தப் பக்கத்தால்தான். மிதிவெடி அகற்றும் வேலை மாவட்டத்தில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு நாடா, சிவப்பு மை பூசிய கட்டை எதைக் கண்டாலும் வந்த அடியிலேயே திரும்புங்கள். பலகை இல்லாததால் பயமில்லை என்று அர்த்தமில்லை. சட்டம் ஒன்றுதான்: மனிதக் கால்தடம், சைக்கிள் தடம், மாட்டுவண்டித் தடம் இருக்கும் இடத்தில் மட்டும் கால் வையுங்கள். “கொஞ்சத் தூரம் பற்றைக்குள் போனால் நல்ல படம் கிடைக்கும்” என்ற எண்ணம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். தரையில் உலோகத் துண்டு எது கிடந்தாலும் தொடாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

இதே வீதியில் கொக்குத்தொடுவாயில், 2023 ஜூனில் குடிநீர்க் குழாய்க்கு மண் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அந்த இடம் பார்வையிடும் இடமல்ல. வண்டியை மெதுவாக்கிப் படம் எடுக்காதீர்கள்.

படைமுகாம்களின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம், ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். வீதியில் நின்று பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. களப்புக்கு அப்பால் காட்டுக்குள் போக விரும்பினால் முல்லைத்தீவில் வனஜீவராசிகள் அதிகாரிகளிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

யானை காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை நாலரைக்கு முன்னரும் அநேகமாகத் தன் நிழலில் நிற்கும். பொழுது சாய்ந்த பிறகு குமுழமுனைப் பக்கத்துக் காட்டுவீதியில் மோட்டார் சைக்கிளில் போவதைப் பெருமையாகச் சொல்பவர்களை நான் மதிப்பதில்லை. புதிய லத்தி, முறிந்த கிளை, மழையில்லாமல் நனைந்த தரை, இவற்றைக் கண்டால் வந்த வழி. களப்பிலும் அதில் விழும் ஆறுகளிலும் முதலை உண்டு. கரையோரம் மரக்குற்றி கிடக்கிறது என்று நினைத்ததும் இரண்டாம் தடவை பாருங்கள். மணல் தரையில் சுருட்டைப் பாம்பு கிடக்கும். சின்னது, மண் நிறம், செருப்புக்காலுக்கு எட்டும் உயரத்தில் கடிக்கும். ஆகவே செருப்பை விடுங்கள், கணுக்காலை மூடும் சப்பாத்துப் போடுங்கள்.

அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, யானை போன்ற விசயத்துக்கு வனஜீவராசிகள் திணைக்களம் 1992. மாவட்ட வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது.

இனிப் பார்ப்போம்

காலை ஆறு மணிக்குப் பாலத்தில் நில்லுங்கள். மற்ற நேரத்தை நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் திசைதான். கடல் கிழக்கே, களப்பு மேற்கே. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் கடலிலிருந்து ஏறி, களப்பின் மேல் நேரே விழும். ஒவ்வொரு கொக்கின் கால் நிறமும் தெரியும். அதே இடத்தில் மாலை நின்றால் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்புக் கீறலாகத்தான் தெரியும்.

பாலத்தில் அவசரப்படாமல் இருபது நிமிடம் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெள்ளைக் கொக்குகளைத் தவிர ஒன்றும் தெரியாது. பிறகு கட்டைகளில் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகங்கள் தெரியும். அதற்கும் பிறகு, சேறு என்று நினைத்துக்கொண்டிருந்த இடம் நகரத் தொடங்கும். உள்ளான்கள். சேற்று நிறத்தில், தலை குனிந்து, தையல் மெஷின் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு போகும். கூழைக்கடா கூட்டமாக வந்தால் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து ஒருமித்துத் தலை தாழ்த்தும் விதத்தைப் பாருங்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. கண் பழக வேண்டும்.

பாலத்திலிருந்து மணல்திட்டுப் பக்கம் ஊரவர் நடந்த தடத்தால் கடலுக்குப் போகலாம். இந்தக் கரையை 2004 சுனாமி வாரியடித்தது. அதற்குப் பிறகு வளர்ந்தவைதான் இன்று தெரியும் தென்னைகளும் சவுக்குகளும் பல. அலை ஏறி வற்றிய இடத்தில் மணலில் கறுப்புக் கீற்றுகள் இருக்கும். அழுக்கு என்று மிதித்துப்போகாமல் ஒரு கை அள்ளி, மறு கையில் வெள்ளை மணல் அள்ளி நிறுத்துப் பாருங்கள். கறுப்பு பாரம். அது இல்மனைற்று, சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். கனமானதால்தான் அலை அதைத் தனியாகப் பிரித்து வரிவரியாய் விட்டுப்போகிறது. புல்மோட்டையில் தொழிற்சாலை வைத்துப் பிரித்தெடுப்பது இதைத்தான். பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள்.

இனிக் கரும்பச்சைக் கோடு. வீதியோரமாகக் கண்டல் கிட்ட வரும் இடங்கள் உண்டு. தடத்தை விட்டு இறங்காமலே கைநீட்டித் தொடலாம். அந்த இடங்களில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். ஒரு மரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்துகொண்டு போங்கள்: தில்லை. சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தந்த அதே தில்லை. பச்சை இலைகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றும் பழுத்த இலை செம்மஞ்சளாய், சிவப்பாய்த் தெரியும். அழகானது, அதனால் கை தானாகப் போகும். போகவிடாதீர்கள். கிள்ளிய இடத்தில் பால் வடியும், பால் தோலில் கொப்புளம் போடும், கண்ணில் பட்டால் பார்வை சிலகாலம் மங்கும். விறகு வெட்டுபவர்கள்கூட இதை விலத்திப் போவார்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், கொண்டுபோன குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவி, வைத்தியசாலைக்கு.

தில்லையைத் தெரிந்துகொண்டால் மற்றவற்றைத் தைரியமாகப் பார்க்கலாம். சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்தது போல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் வேர் மேலே வந்து மூச்சுவிடுகிறது. மரத்திலிருந்து வேர் வளையம் வளையமாக வெளியே வந்து ஊன்றியிருந்தால் அது கண்டல். கண்டலின் காயைப் பார்த்தால் முருங்கைக்காய் தொங்குவதாக நினைப்பீர்கள். அது காயல்ல, பிள்ளை. விதை மரத்திலேயே முளைத்து, நீண்டு, முனை கூராகித் தொங்குகிறது. விழும்போது சேற்றில் குத்தி நிற்கலாம், தண்ணீரில் விழுந்தால் மிதந்து வேறு கரை போகலாம்.

கண்ணாவின் இலையொன்றைப் பறிக்காமல் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை. மேற்பக்கத்தில் வெயில் ஏறிய பிறகு நுண்ணிய பொடி மின்னும். விரலால் தடவி நாக்கில் வையுங்கள். உப்பு. உறிஞ்சிய உப்புநீரிலிருந்து வேண்டாததை இலைவழி தள்ளிவிடுகிறது மரம். கூட வந்த என் மருமகப்பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. “மாமா, மரத்துக்கு வேர்க்குதா?” என்று கேட்டான். அதற்கு மேல் நான் விளக்கப் போகவில்லை. (நாக்கில் வைக்குமுன் அது தில்லை இல்லை என்று இரண்டு தடவை உறுதிசெய்யுங்கள். ஐமிச்சம் இருந்தால் நக்காதீர்கள்.)

மூச்சுவேர்களுக்கு இடையில் அசையாமல் இரண்டு நிமிடம் பார்த்தால் சேறு உயிர்பெறும். ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் பொந்துக்கு வெளியே வந்து, யாரையோ வரச்சொல்வது போலக் கையசைக்கும். கூப்பிடுவது பெண் நண்டை. உங்கள் நிழல் விழுந்தால் அத்தனையும் ஒரே நொடியில் உள்ளே. கண் தலைக்கு மேல் துருத்திய மீன்கள் சேற்றில் துள்ளித் திரியும். மீன் தரையில் நடக்கிறது என்று பிள்ளைகள் கத்துவார்கள், சரியாகத்தான் கத்துகிறார்கள். கபரக்கொய்யன் ஒன்று அப்பால் அலட்சியமாகப் போகும்.

கண்டலுக்குப் பின்னால், உப்பு எட்டாத மேட்டில், வன்னிக்காடு தொடங்குகிறது: பாலை, வீரை, முதிரை, ஆற்றோரம் மருது. அந்த நிழலைத் தடத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்துங்கள், விசேஷமாகப் பாலை பழுக்கும் மாதங்களில். பாலைப்பழம் மனிதருக்கு மட்டும் பிடித்ததல்ல. கரடி மரத்தில் ஏறித் தின்னும், தின்னும்போது இடைஞ்சல் செய்பவர்களை அதற்குப் பிடிக்காது.

செம்மலைப் பக்கம் நீராவியடிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அதை ஒட்டியே ஒரு விகாரை. இரண்டுக்கும் இடையிலான பிணக்கு நீதிமன்றம் போய் 2019இல் நாடறிந்த செய்தியானது. கும்பிட வருபவர் கும்பிடலாம். படம் எடுக்க வேண்டுமானால் அங்கிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

பையில் என்ன

தண்ணீர், ஆளுக்கு இரண்டு லீற்றர். கண்டல் நிழல் பார்வைக்குத்தான். கீழே காற்று அசையாது, நுளம்பு உண்டு. தொப்பி, நீளக்கை, கறுப்பு நிறம் வேண்டாம். அளம்பில், செம்மலைப் பக்கம் சின்னக் கடைகளில் பிளேன்ரீயும் பணிஸும் கிடைக்கும். சோற்றுக்கு முல்லைத்தீவையே நம்புங்கள். குப்பைக்கு ஒரு வெறும் பை. பொலித்தீன் களப்பில் விழுந்தால் வாய் திறக்கும்வரை உள்ளேயே சுற்றும், திறந்தால் கடலுக்குப் போகும். மூச்சுவேரில் சுற்றிக்கொண்டால் எங்கும் போகாது.

இறால், நண்டு, மணலை, திரளி, ஒட்டி எல்லாம் களப்பில் படும். விடியற்காலை கரைக்கு வந்த இறாலை அங்கேயே வாங்கலாம். வாங்குவதென்றால் பனிக்கட்டி போட்ட பெட்டியோடு போங்கள். வெறும் பையில் போட்டு ஏ9இல் மூன்று மணித்தியாலம் கொண்டுபோனால் வீட்டில் ஏச்சு விழும். விலையில் பத்து ரூபாய்க்கு இழுபறிப்படாதீர்கள், இரவு முழுக்கத் தண்ணீரில் நின்றவருடைய காசு. சின்ன இறால் என்றால் முருங்கைக்காயோடு போட்டுப் பால்கறி வையுங்கள். பெரிதானால் உங்கள் விருப்பம்.

வைகாசி, ஆனியில் போனவர்களுக்கு வீதியோரம் பாலைப்பழம் விற்கக் கிடைக்கும். மஞ்சள், சுண்டுவிரல் நுனியளவு, தேன் மாதிரி இனிப்பு. கனிந்த பழத்தைப் பார்த்து வாங்குங்கள், காயாக இருந்தால் பால் கூட. தின்னுமுன் உதட்டில் துளி தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, கொக்கிளாயிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து ஒரு சரை முழுவதையும் தின்றுமுடித்தேன். உப்புமாவெளி தாண்டும்போது கண்டக்டர் வந்து எங்கே இறக்கம் என்று கேட்டார். உதடு இரண்டும் ஒட்டிப்போய் இருந்தது. முல்லைத்தீவுப் பக்கமாகக் கையைக் காட்டினேன். அவர் என் மடியில் கிடந்த பழக்கொட்டைகளைப் பார்த்துவிட்டு, கேளாமலே சீட்டைக் கிழித்துத் தந்தார்.